கட்டடக் கல்வியும் நம் பிள்ளைகளின் வாழ்வும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியான வாரத்தில், ஒரு மாலை வேளையில், சங்க நூலகத்தில் நம்மைத் தேடி ஓர் அன்பர் வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மும்பைக்கு வந்தவர், தாராவியில் குடியிருப்பவர், கொத்தனார் வேலையில் பெயரெடுத்தவர். அவர் கையில் மகனின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்று. முகத்தில் மட்டும் மகிழ்ச்சியைக் காணோம்.

"அண்ணாச்சி, பையன் கட்டடப் படிப்புப் படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் சட்டி சுமந்தது போதாதா? என் பிள்ளையும் அந்தச் சிமெண்டுத் தூசியிலேதான் போய் விழ வேண்டுமா? கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் நாலு வார்த்தை அவனுக்குச் சொல்ல வேண்டும்" என்றார்.

மகனுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டவருக்கே நாம் நாலு வார்த்தை சொல்ல நேர்ந்தது. அன்று பேசியவற்றையும், பின்னர் விசாரித்து அறிந்தவற்றையும், நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே தொகுத்துத் தருகிறோம். நாம் பெரும் படிப்புப் படித்தவர் அல்லர். பள்ளியிறுதியோடு நின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். ஆயினும் கோப்புகளைப் புரட்டும் வேலையில் ஒரு நன்மை உண்டு. எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பது நாளடைவில் தெரிந்துவிடுகிறது.

சட்டி சுமப்பதும் கட்டடம் கற்பதும்

கொத்தனாரின் மனக்குறை நியாயமானதே. கட்டடத் தொழில் என்றதும் நம்மவர் கண்முன் நிற்பது வெயிலும் சாரமும் கூலிப் பாக்கியுமே. பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் எழுந்த எத்தனையோ மாடிகளில் நம்மவர் வியர்வை கலந்திருக்கிறது. அவற்றின் வரைபடத்தில் கையொப்பமிட்டவர்களுள் நம்மவர் சிலரே. சுமப்பவனுக்கும் வரைபவனுக்கும் இடையே நின்ற சுவர் கல்வி என்னும் சுவர். அந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது என்பதைத்தான் நாம் சொல்ல விரும்புகிறோம்.

இக்கல்வி நமக்குப் புதிதன்று. கல்லணை கட்டிய நாட்டில் பிறந்தவர்களுக்குக் கட்டடக்கலை அந்நியமாகாது. புதுமுறைக் கல்வியை எடுத்துக்கொண்டாலும், 1794ஆம் ஆண்டிலேயே சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து, 1859இல் பொறியியற் கல்லூரியாகி, இன்று கிண்டியில் புகழுடன் விளங்குகிறது. வடக்கே ரூர்க்கியில் 1847இல் தோன்றிய கல்லூரியும் கட்டடப் பொறியியலுக்கென்றே பிறந்ததாகும். அக்காலத்தில் பொறியியல் என்றாலே பாலமும் கால்வாயும் சாலையுந்தான்.

மூன்று வாசல்கள்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை கட்டடத் துறையில் நுழைய இன்று மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். 1950ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இவை நாடெங்கும் நடைபெறுகின்றன. கட்டட வரைவாளர் பயிற்சி ஈராண்டு. கொத்தனார் பயிற்சி ஓராண்டு. பின்னதற்கு எட்டாம் வகுப்புத் தேறியவர்களும் சேரலாம். குழாய் வேலை, மின்கம்பி வேலை, தச்சு வேலை ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. சம்பாத்தியம் விரைவில் வேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பங்களுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, பாலிடெக்னிக் என்னும் பல்தொழில் நுட்பப் பயிலகம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு படித்தால் கட்டடப் பொறியியலில் டிப்ளமா கிடைக்கும். ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவரும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வசதி உண்டு. டிப்ளமா பெற்றவர் விரும்பினால் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே நுழைந்து பட்டமும் பெறலாம். ஆகவே இது முட்டுச்சந்து அன்று, ஏணியின் நடுப்படி.

மூன்றாவது, சமுதாயக் கல்லூரி. அமெரிக்க நாட்டில் 1901இல் ஜோலியட் என்னும் ஊரில் தொடங்கிய முறை இது. உள்ளூர் மக்களுக்கு, உள்ளூர்த் தொழிலுக்கு வேண்டிய கல்வியை, குறைந்த செலவில், குறுகிய காலத்தில் தருவதே இதன் கருத்து. நம் நாட்டில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையும் இதற்கு வழிகாட்டின என்பது தமிழர் பெருமைப்படத் தக்கது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான திட்டமாக இதை ஏற்றது. அதற்கும் முன்பே, 1978-79இல், பாலிடெக்னிக்குகள் வழியாகச் சுற்றுப்புற மக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தரும் திட்டமும் நடுவண் அரசால் தொடங்கப்பட்டதுண்டு. சமுதாயக் கல்லூரியின் சிறப்பு யாதெனில், இடையில் படிப்பை விட்டவரும், வேலையில் இருப்பவரும் அங்கே திரும்பி வரலாம். ஆனால் கட்டடப் பாடம் எல்லாச் சமுதாயக் கல்லூரியிலும் இல்லை. அருகில் உள்ளதில் இருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மும்பை அன்பர்களுக்கு ஒரு செய்தி. நம்மவர் மிகுதியாக வாழும் மாட்டுங்காவிலேயே 1887இல் தோன்றிய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பட்டப் படிப்போடு டிப்ளமா வகுப்புகளும் அங்கே உண்டு. பாந்திராவில் அரசினர் பாலிடெக்னிக் இருக்கிறது. நாகபுரியில் வாழ்வோர்க்கு 1914ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் அரசினர் பாலிடெக்னிக் உண்டு. தில்லியில் அரசினர் பாலிடெக்னிக்குகள் பல, 2020இல் அமைந்த தில்லித் திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. ஐதராபாத்தில் 1998இல் தோன்றிய தேசியக் கட்டுமானக் கழகம், தொழிலாளர் முதல் பொறியாளர் வரை பல நிலைகளில் பயிற்சி தருகிறது. மகாராட்டிர மாநிலத்தில் டிப்ளமாவுக்குத் தனி நுழைவுத்தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். ஆகையால் எழுபத்தொன்று என்பது குறைவான எண் அன்று.

என்ன கற்பிக்கிறார்கள்?

"நான் இருபத்தைந்து வருஷமாகச் செய்வதை இவன் மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்க வேண்டுமா?" என்று கொத்தனார் கேட்டார். கேள்வி சுவையானது. நாமும் ஒரு கேள்வி கேட்டோம்: "ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவீர்?"

"கலவை இளக்கமாக வருகிற வரைக்கும் விடுவோம்" என்றார்.

அங்கேதான் கைப்பழக்கம் நின்று, கல்வி தொடங்குகிறது. ஒரு மூட்டை ஐம்பது கிலோ. நீரின் எடை சிமெண்டின் எடையில் பாதி என்று கணக்கிட்டால் இருபத்தைந்து லிட்டர். ஜல்லியிலும் மணலிலும் உள்ள ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். வேலை எளிதாக வேண்டும் என்று இன்னும் இரண்டு குவளை ஊற்றினால், சிமெண்டோடு சேராமல் எஞ்சிய நீர் பின்னர் ஆவியாகிப் போய், அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். அத்துளைகளின் வழியே மழைநீரும் கடற்காற்றின் உப்பும் உள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டை உடைக்கும். மும்பையின் பழைய மாடிகளில் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணங்களுள் ஒன்று, என்றோ ஒருவர் ஊற்றிய அந்த இரண்டு குவளை நீர்.

கம்பியிட்ட காங்கிரீட்டுக்கு இந்தியத் தர நிறுவனம் 2000ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட 456ஆம் எண் விதிநூலே அடிப்படை. கம்பியிட்ட வேலைக்கு எம்-20 என்னும் தரத்துக்குக் குறையக்கூடாது என்பது அதன் விதி. பதினைந்து சென்டிமீட்டர்க் கன சதுரமாக வார்த்து, இருபத்தெட்டு நாள் நீரில் வைத்து, பின்னர் எந்திரத்தில் நசுக்கிப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். சாதாரணச் சிமெண்டாயின் ஏழு நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் பத்து நாளும் குறையாமல் நீராற்ற வேண்டும் என்பதும் அதிலுள்ள விதியே. இவை மூன்றாண்டுப் படிப்பின் ஒரு சிறு துளி. கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றில் தொடங்கி, நில அளவை, பொருள்களின் வலிமை, மண்ணின் இயல்பு, நீரியல், சாலை, மதிப்பீடும் விலைக்கணக்கும், கணிப்பொறியில் வரைபடம் என்று பாடம் விரிகிறது.

கொத்தனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் மேஸ்திரிக்குக்கூட இது தெரியாது" என்றார்.

எங்கெங்கே வேலை?

படித்தால் வேலை உண்டா என்பதே பெற்றோரின் முதற்கேள்வி. நமக்கு அறிமுகமான இருப்புப்பாதைத் துறையிலிருந்தே தொடங்குவோம். ரயில்வே தேர்வு வாரியங்கள் இளநிலைப் பொறியாளர் பதவிக்கு நடத்தும் தேர்வுக்குக் கட்டடப் பொறியியல் டிப்ளமா போதும். கட்டட வேலை, தண்டவாளப் பாதை, பாலம், வரைபடம் எனப் பல பிரிவுகள் அதில் உண்டு. 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு அட்டவணைப்படி, இது ஆறாம் நிலைப் பதவி. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 35,400, அகவிலைப்படி முதலியன தனி. அதே அட்டவணையில், தண்டவாளப் பராமரிப்பாளர் பதவி முதல் நிலை. தொடக்கச் சம்பளம் ரூ. 18,000. இரண்டு பதவியினரும் ஒரே பாதையில், ஒரே வெயிலில் நடப்பவர்கள். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த மூன்றாண்டுப் படிப்பே. இளநிலைப் பொறியாளர் முதுநிலைப் பிரிவுப் பொறியாளராக உயரலாம். துறைத்தேர்வின் வாயிலாக அதிகாரி வரிசையிலும் இடம் பெறலாம். பாதைப் பிரிவுக்குக் கண்பார்வைத் தகுதி கடுமையானது. ஆகவே நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலை முன்னரே மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நன்று. கணினி வழியாக நடக்கும் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதை நம்மவர் பலர் அறிவதில்லை.

நடுவண் பொதுப்பணித் துறை, நடுவண் நீர் ஆணையம் முதலியவற்றுக்குப் பணியாளர் தேர்வாணையம் தனியே இளநிலைப் பொறியாளர் தேர்வு நடத்துகிறது. மாநிலப் பொதுப்பணித் துறை, மாநகராட்சி, வீட்டு வசதி வாரியம் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றிலும் போட்டி மிகுதி. அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. அரசுப் பதவி ஒன்றையே நம்பிக் காலம் கழிப்பது அறிவுடைமை ஆகாது.

தனியார் துறையே மிகுதியான வேலை தருவது. நம் கண்முன்னே நடந்தவற்றைப் பாருங்கள். 2024 ஜனவரியில் மும்பையில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் 1914ஆம் ஆண்டுப் பாலத்துக்கு மாற்றாக, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் காசுமீரத்தில் செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அக்டோபரில் மும்பையின் 33.5 கிலோமீட்டர் நிலத்தடி மெட்ரோ முழுமையும் ஓடத் தொடங்கியது. மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் அதிவேகப் பாதை கட்டப்பட்டு வருகிறது. இத்தகைய வேலை ஒவ்வொன்றிலும் தளமேற்பார்வையாளர், நில அளவையர், வரைவாளர், பரிசோதனைக்கூடத்தார், அளவும் விலையும் கணக்கிடுவோர், பாதுகாப்பு அலுவலர் எனப் பலர் வேண்டியிருக்கின்றனர். அவர்களுள் டிப்ளமாக்காரர் பெரும் பங்கினர்.

படிப்பு முடிந்தவுடன் ஓராண்டு தொழில் பழகுநராக இருப்பது மிகவும் நன்று. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் இதற்கு வழியுண்டு. மும்பை, சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலும் இதற்கான மண்டல வாரியங்கள் உள்ளன. அனுபவம் கேட்கும் நிறுவனத்தாருக்கு அந்த ஓராண்டே விடையாகும்.

மற்றொரு வழியும் உண்டு. தந்தை கொத்தனார், மகன் டிப்ளமாக்காரர் என்றால் இருவரும் சேர்ந்து சிறு ஒப்பந்த வேலைகளை ஏற்கலாம். தந்தையிடம் ஆளும் கைத்திறனும் உண்டு; மகனிடம் வரைபடமும் மதிப்பீடும் உண்டு. இடைத்தரகரான மேஸ்திரிக்குப் போகும் பங்கு குடும்பத்திலேயே தங்கும்.

மறைக்கக்கூடாத குறைகள்

நன்மையை மட்டும் சொல்லி ஆசை காட்டுவது நேர்மையன்று. தனியாரிடம் தொடக்கச் சம்பளம் குறைவு. துணை ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால், சம்பளம் மாதக்கணக்கில் தாமதப்படுவதும் உண்டு. வேலை முடிந்தால் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். தகரக் கொட்டகையில் தங்க நேரும். ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் காங்கிரீட் வண்டி வந்து நிற்கும். உயரத்திலும் பள்ளத்திலும் உயிருக்கு ஆபத்து உண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்து, கற்றுக்கொண்டே இருப்பவரே முன்னேறுகின்றனர். படம் வரைவதில் விருப்பமும், கணக்கில் அச்சமின்மையும், வெளியில் நின்று வேலை செய்யும் உடலும் மனமும் இல்லாத பிள்ளையை, மதிப்பெண் வருகிறது என்ற ஒன்றைக் கொண்டே இதில் தள்ளுவது தவறு.

பெண்மக்களும் இத்துறையும்

கட்டட வேலையில் நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். ஆயினும் சித்தாளாகச் சேர்ந்த பெண் சித்தாளாகவே முதுமை அடைகிறாள். கூடச் சேர்ந்த ஆண் பத்தாண்டில் கொத்தனாராகி விடுகிறான். கரண்டியை அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. ஜார்க்கண்டு மாநிலத்தில் கழிப்பறைகள் கட்டும் திட்டத்தில் கிராமப் பெண்கள் கொத்து வேலை பழகி, 'ராணி மிஸ்திரி' என்று பெயர் பெற்றனர். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

படித்த பெண்ணுக்கு வரைபட அலுவலகம், மதிப்பீட்டுப் பிரிவு, பரிசோதனைக்கூடம், தளமேற்பார்வை என எல்லா வாசலும் திறந்தே இருக்கின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' என்னும் உதவித்தொகை, டிப்ளமா படிக்கும் மாணவியருக்கும் உரியது. ஆண்டுக்கு ரூ. 50,000, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். முதலாண்டில் சேர்ந்தவுடனேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்.

வெளிமாநிலத்தார் விழிப்பாக இருக்க வேண்டியவை

ஊரில் இருப்பவர்க்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. முதலாவது, இருப்பிடச் சான்று. பிள்ளை எம்மாநிலத்தில் பிறந்தது, பத்தாம் வகுப்பை எங்கே தேர்ந்தது, குடும்பம் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தது என்றெல்லாம் கேட்பார்கள். குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துப் பாதுகாத்தல் வேண்டும். பெயரின் எழுத்தும் தந்தை பெயரும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லாமையால், தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் ஓரிடத்தில் முழுமையாகவும் ஏறிப் பின்னால் தொல்லை தருகிறது. பத்தாம் வகுப்புக்கு முன்னரே இதைத் திருத்திக்கொள்வது நலம்.

இரண்டாவது, சாதிச் சான்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்னும் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் வரையறுக்கப்பட்டது. சாதியின் பெயர் இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், குடிபெயர்ந்து வந்தவர் வந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க இயலாது என்று உச்சநீதிமன்றம் 1990இலும், பின்னர் 2018இலும் தீர்ப்பளித்திருக்கிறது. நடுவண் அரசுப் பணிக்கோ சொந்த மாநிலச் சான்று பயன்படும். ஆகையால் ஊருக்குப் போகும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிய சான்றுகளை வாங்கி வருதல் வேண்டும். தமிழ்நாட்டிலேயே பிள்ளையைச் சேர்க்க விரும்புவோரும் பிறப்பிடச் சான்றை முன்கூட்டியே பெறுதல் நலம்.

மூன்றாவது, பள்ளியின் அங்கீகாரம். இதில் ஒரு குடும்பம் பட்ட துயரை நாம் நேரில் அறிவோம். நம் பகுதியில் காய்கறி வண்டி தள்ளும் ஒருவர், அழகான விளம்பரத்தைப் பார்த்து, வாரம் ஒருநாள் வந்தால் போதும் என்று சொன்ன ஒரு தனியார் நிலையத்தில் மகனைச் சேர்த்தார். மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகள் அடகுக்குப் போயின. மூன்றாண்டு கழித்து, அப்பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும் தறுவாயில் சான்றிதழை நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். எந்தத் தேர்வு வாரியத்தின் முத்திரையும் அதில் இல்லை. அக்காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. சேரும் முன் ஒரு நாள் வந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிட வேலை இதுதான்: நிலையத்துக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? கட்டடப் பொறியியற் பிரிவுக்கே அந்த ஒப்புதல் உண்டா? இம்மூன்றும் தெரியாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர். அஞ்சல்வழிப் பொறியியற் கல்வி செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2017 நவம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. செய்முறை இன்றிப் பொறியியல் இல்லை. அதுபோலவே, ரயில்வேயில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராயினும் அவர் மோசக்காரரே என்று இத்துறையில் பணிபுரியும் நாம் உறுதியாகக் கூறுகிறோம்.

செலவும் உதவியும்

அரசினர் பாலிடெக்னிக்கில் கட்டணம், தனியார் கல்லூரிக் கட்டணத்தை நோக்க மிகக் குறைவு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு உட்பட்டோர்க்கு, ஒப்புதல் பெற்ற நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்கள் கற்பிப்புக் கட்டணமின்றி வழங்கப்படும் திட்டமும் உண்டு. விண்ணப்பத்திலேயே அதற்கான கட்டத்தைக் குறிக்க வேண்டும். பின்னர்க் கேட்டால் கிடைக்காது.

இன்னும் ஒன்று. கொத்தனாரைப் பார்த்து, "நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீரா?" என்று கேட்டோம். "அது எதற்கு அண்ணாச்சி?" என்றார். கட்டடத் தொழிலாளர் நலனுக்கென 1996இல் சட்டம் இயற்றப்பட்டு, கட்டடச் செலவில் ஒரு பங்கு தீர்வையாக வாங்கப்பட்டு, மாநிலந்தோறும் நல வாரியங்களில் சேர்க்கப்பட்டு வருகிறது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்கு உட்பட்டு, முந்திய பன்னிரண்டு மாதத்தில் தொண்ணூறு நாள் வேலை செய்தவர் பதிவு பெறலாம். பதிவு பெற்றவரின் பிள்ளைகள் படிப்புக்கு வாரியங்கள் உதவித்தொகை வழங்குகின்றன. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு இது தெரியவில்லை என்றால், அக்குற்றம் அவருடையது மட்டுமன்று. எழுதப் படிக்கத் தெரிந்து, எடுத்துச் சொல்லாமல் இருந்த நம் போன்றவர்களுடையதுமாகும்.

சங்கம் செய்ய வேண்டியது

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் வேண்டியவையே. அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஒரு ஞாயிறு மாலையைச் சங்கம் இதற்கென ஒதுக்கலாம். இத்துறையில் பணிபுரியும் நம் உறுப்பினர் இருவர் வந்து பேசட்டும். விண்ணப்பம் நிரப்ப நான்கு இளைஞர் உட்காரட்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைக் கண்டு மருளும் பிள்ளைகளுக்கு, முதல் ஆறு மாதம் மாலையில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர ஓர் அறை ஒதுக்கட்டும். நூலக வேலை நேரத்தில் சான்றிதழ்களைப் பார்த்துச் சொல்லும் பணியை நாமே ஏற்கச் சித்தமாக இருக்கிறோம்.

கொத்தனார் அன்று உடனே இசைந்துவிடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். பத்து நாள் கழித்து, விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்திய மாலையில், மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். நல வாரியப் பதிவுக்கான தாள்களும் கையில் இருந்தன. "எனக்கு இன்னும் முழுமனது இல்லை அண்ணாச்சி. ஆனால் நேற்று வேலைத்தளத்தில் ஒரு பையன் கலவையில் தண்ணீரைக் கவிழ்க்கப் போனான், என்னை அறியாமல் கையைப் பிடித்துவிட்டேன்" என்றார்.

மகன் சிரித்தான். விண்ணப்பத்தை மூவருமாக அமர்ந்து நிரப்பினோம். இடம் கிடைக்குமா, கிடைத்தால் மூன்றாண்டும் தாக்குப்பிடிப்பானா என்பதெல்லாம் இனித்தான் தெரிய வேண்டும். ஆனால் தந்தையின் பெயருக்கு எதிரே 'தொழில்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அவன் தயங்கவில்லை. 'கொத்தனார்' என்று தெளிவாக எழுதினான்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் விருப்பத்தை ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். ஐயமிருந்தால், பணம் கட்டும் முன் சங்கத்துக்கு வாருங்கள்.